தோட்டாவின் சாட்சியும் உள்துறையின் பிடியும்

2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டார். நான்காம் நாள் உயிர்நீத்தார். 2013இல் தபோல்கர், 2015இல் கல்புர்கி, 2017இல் கௌரி லங்கேஷ் ஆகியோரும் இவ்வாறே வீழ்த்தப்பட்டனர். தனித்தனிக் குற்றங்கள் என்று இவற்றைக் கடந்துசெல்ல முயன்றவர்களின் வாயை அடைத்தது அறிவியல். கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது ஒரே 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி என்று தடய அறிவியல் ஆய்வு காட்டியது.

துப்பாக்கித் தடயவியலில் முதுகலை பயிலும் மாணவர் கற்பது இதைத்தான். சுடுமுள் தோட்டா உறையில் பதிக்கும் தடம், குழல் குண்டின்மீது இழுக்கும் கீறல், சுட்டவர் கையில் படியும் ஈயம், பேரியம், ஆண்டிமனித் துகள் ஆகியவற்றை அவர் நுண்ணோக்கியில் படிக்கிறார். படித்ததை அஞ்சாமல் எழுதும் உரிமை அவருக்கு உண்டா என்பதே கேள்வி.

தபோல்கர் வழக்கில் மும்பை, பெங்களூரு ஆய்வகங்களின் அறிக்கைகள் முரண்பட்டன. ஸ்காட்லாந்து யார்டின் கருத்தைப் பெறப்போவதாக சிபிஐ கூறியது. இரு நாடுகளுக்கிடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை என்று பின்னர் கைவிரித்தது. காலம்தான் கரைந்தது. 2024 மே மாதத் தீர்ப்பில் சுட்ட இருவர் தண்டிக்கப்பட்டனர். சதியின் மூளை வெளிப்படவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதற்கான கட்டமைப்புக்கு 2,254 கோடி ரூபாய்த் திட்டத்தையும் ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் ஆய்வகங்களில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. முதுகலைப் பட்டதாரிகள் ஒப்பந்தக் கூலிகளாக்கப்படுகின்றனர். ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று அஞ்சுபவர் காவல்துறைக்கு உவப்பில்லாத அறிக்கையை எப்படி எழுதுவார்?

அதைவிடப் பெரிய தீங்கு வேறொன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் உள்துறை அமைச்சகத்தின் கீழ். மத்திய ஆய்வகங்களும் அதே அமைச்சகத்தின் கீழ். தில்லிக் காவல்துறையும் அதே கைக்குள். பாடம் நடத்துவதும், துப்புத் துலக்குவதும், சாட்சியத்தைச் சோதிப்பதும் ஒரே அதிகாரம் என்றால் நடுநிலைக்கு இடம் ஏது? காவல்துறையின் நிர்வாகத்திலிருந்து ஆய்வகங்கள் விடுபட வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகமே 2009இல் பரிந்துரைத்தது.

காவல்துறையின் ‘மோதல்’ கொலைகளிலும் தோட்டாக்கள் உண்டு. அவற்றையும் அச்சமின்றிப் படிக்கத் தன்னாட்சி பெற்ற ஆய்வகங்கள் வேண்டும். நிரந்தரப் பணி வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும் சுதந்திரமான நிபுணரின் உதவி வேண்டும். பன்சாரேக்களின் குருதி கேட்கும் நீதி இதுவே.