145 முறையீடுகள்



நெடுஞ்சாலையில் நேராக விரைந்துகொண்டிருக்கும் ஒரு கார். ஓட்டுபவர் அதனைச் சற்றே ஒதுக்க எண்ணுகிறார்; ஸ்டியரிங் அசைய மறுக்கிறது. பலங்கொண்டு திருப்புகிறார், இறுக்கம் விட்டதும் அது வேண்டிய அளவுக்கு மேல் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் வரும் வாகனத்தை எண்ணிப் பாருங்கள்!

2022, 2023 ஆண்டுகளின் ஹோண்டா சிவிக் கார்களைப் பற்றி இத்தகைய 145 முறையீடுகள் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு வந்து சேர்ந்தன. கோடிக்கணக்கான வாகனங்கள் ஓடும் நாட்டில் இஃது ஒரு தொகையா? எனினும், 2023 மார்ச்சில் அத்துறை விசாரணையைத் தொடங்கிற்று. நவம்பரில் அது பொறியியல் ஆய்வாக விரிந்தது. உயிர்கள் பறிபோன பின்னரே கண் விழிக்கும் விசாரணைகளைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பே. ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று வாளாவிராமல், நேர்ந்ததை எழுதி அனுப்பியவர்கள் இருந்தமையால் அது இயன்றது.

குறை எங்கே இருந்தது? ஸ்டியரிங் பெட்டிக்குள் முறையாகத் தயாரிக்கப்படாத ஒரு பற்சக்கரம்! வெப்பத்தாலும் ஈரத்தாலும் அது உப்பும்; கிரீஸ் படலம் மெலியும்; உராய்வு மிகும். போதாக்குறைக்கு, அங்குள்ள ஸ்பிரிங்கின் அழுத்தமும் அளவு மிஞ்சியிருந்தது.

2024 அக்டோபரில் நிறுவனம் சிவிக் மட்டுமன்றி வேறு சில வகைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 17 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உயிரிழப்பு எதுவும் தன் கவனத்திற்கு வரவில்லை என்றும் அறிவித்தது. செய்த பரிகாரமோ திருத்திய ஸ்பிரிங் ஒன்று, சிறிது கிரீஸ், அதுவும் கட்டணமின்றி.