காசு கொடுத்தால் கடல் ஆடாதா?

நூல், சாயக் கெமிக்கல், தையல் மெஷின் என்று திருப்பூரில் எந்த வியாபாரத்தை எடுத்தாலும், டார்கெட்டை முடித்த டீலருக்கு டூர் உண்டு. அந்த டூர்ப் பட்டியலில் இப்போது கப்பலும் வருகிறது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிவைத்த ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல், அடுத்த ஆண்டே இலங்கைக்கும் போனது. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் புக் செய்யும்போது முதலில் கேட்பது வாந்தியைப் பற்றித்தான். ஏஜென்டின் பதிலும் தயாராக இருக்கும்: “மேல் தளத்துல பால்கனி ரூம் போட்டுருங்கண்ணா, ஆட்டமே தெரியாதுங்க.” இந்தப் பேச்சையும் இதுபோன்ற மற்றப் பேச்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எதுவும் முழுசாகத் தேறாது.

“உயரத்தில் ஆட்டம் குறைவு.” உண்மை இதற்கு நேர்மாறு. கப்பல் பக்கவாட்டில் உருளும்போது அதன் அச்சு நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போக வீச்சு கூடும். எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. தூத்துக்குடியில் கப்பலேறும் கன்டெய்னர்களில் கனமானவை கீழே போகும், லேசானவை மேலே வரும். மேல் அடுக்கிலும் முன்பின் முனைகளிலும் விசை அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் பெட்டிகளை லாஷிங் போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். பெட்டிக்கு உள்ள விதி ஆளுக்கும் உண்டு. டூரில் நடப்பதோ வேறு: அதிகம் விற்ற டீலருக்கு உச்சித் தளத்தில், முன்பக்கத்தில் சூட் ரூம். விற்பனையில் முதலிடம் பிடித்தவருக்கே ஆட்டத்திலும் முதலிடம்!

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஏறத்தாழ 3 நாள் ஓடும் அரசுக் கப்பல்களைப் பாருங்கள். மலிவான பங்க் கிளாஸ் கீழே இருக்கிறது. காற்றோட்டம் போதாது, பல பேர் சேர்ந்து படுக்கிற இடம், வாடையும் இருக்கும். வாடையே பாதிப் பேருக்குக் குமட்டலைக் கிளப்பிவிடும். ஆனால் ஆட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், அதிகக் காசு கொடுத்து மேலே படுத்தவரைவிடக் கீழே படுத்தவருக்கே தொல்லை குறைவு.

“அப்படியானால் கீழ்த்தளம் எடுத்தால் போதும்.” கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இது. பாதிதான் சரி. வயிற்றை அதிகம் புரட்டுவது பக்கவாட்டு உருளலைவிட, மேலும் கீழுமாக ஏறியிறங்கும் அசைவு. ஓஹான்லன், மெக்காலி என்ற இருவர் ஆட்களை ஒரு கூண்டில் உட்கார வைத்து ஏற்றியிறக்கிச் சோதித்து, 1974-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 5 நொடிக்கு ஒரு முறை ஏறியிறங்கும் அசைவுதான் மிக அதிகம் பேரை வாந்தியெடுக்க வைத்தது. கப்பல் முன்னும் பின்னும் தலையாட்டும்போது இந்த ஏற்ற இறக்கம் முனைகளில்தான் கூடுதல். ‘எம்பிரஸ்’ ஏறத்தாழ 210 மீட்டர் நீளம். முன்முனை 2 பாகை எழுந்து 2 பாகை தாழ்ந்தால், நடுவிலிருந்து 90 மீட்டர் தள்ளியிருக்கும் அறை 3 மீட்டர் மேலேறி, பழைய மட்டத்துக்கு வந்து, இன்னும் 3 மீட்டர் கீழே போகும். அது எந்தத் தளத்து அறையானாலும் இதே கதைதான். ஆகவே முதலில் நீளவாக்கில் நடுவைப் பிடியுங்கள், தளத்தை அப்புறம் பாருங்கள். ஏஜென்டிடம் டெக் பிளானைக் கேட்டு வாங்கி, அறை எங்கே விழுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அறை எண்ணைப் பிறகு கம்பெனியே ஒதுக்கும் என்கிற புக்கிங் விலை குறைவுதான், ஆனால் முனையில் போய் விழலாம்.

“பால்கனி இருந்தால் குமட்டாது.” தொடுவானத்தைப் பார்த்தால் குமட்டல் தணியும் என்பது மெய். கண் சொல்வதும் உள்காது உணர்வதும் அப்போது ஒத்துப்போகின்றன. ஆனால் பால்கனியில் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. ராத்திரி இருட்டில் தொடுவானமும் தெரியாது. போதாக்குறைக்கு, பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளத்தில், கப்பலின் விளிம்பில் இருக்கின்றன. பகலில் தொடுவானம் வேண்டுமென்றால் நடுப்பகுதித் திறந்த தளத்துக்குப் போனால் போதும், அது எல்லாருக்கும் பொது. ராத்திரி கண்ணை மூடிப் படுக்க ஜன்னலில்லாத உள்ளறையே தாராளம்.

“பெரிய கப்பல், ஸ்டெபிலைசர் இருக்கிறது.” இருபுறமும் நீருக்குள் நீளும் அந்தத் துடுப்புகள் உருளலை நன்றாகவே அடக்கும். முன்பின் தலையாட்டலிலும் ஏற்ற இறக்கத்திலும் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

“ரெண்டு நாள்ல பழகிரும்.” பெரும்பாலானவர்களுக்கு 2, 3 நாளில் பழகும். ஆனால் டீலர் டூரே 2, 3 இரவுதானே? பழகி முடிக்கும்போது இறங்கும் துறைமுகம் வந்துவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை. 1831 டிசம்பரில் ‘பீகிள்’ கப்பலில் புறப்பட்ட சார்லஸ் டார்வினுக்குக் கிடைத்தது பின்முனை அறை. கப்பலின் மொத்த நீளமே 30 மீட்டருக்குள். கிட்டத்தட்ட 5 ஆண்டுப் பயணத்தில் குமட்டல் அவரை முழுசாக விடவேயில்லை. தூளிப் படுக்கையில் படுத்து உலர்திராட்சையைத் தின்றே பல நாளை ஓட்டினார். பழக்கத்தை நம்புவதைவிட மாத்திரையை நம்பலாம், நேரத்தோடு போட்டால். அவோமின் போன்றவற்றை முந்தின இரவோ, ஏறுவதற்கு 1, 2 மணி நேரம் முன்போ போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

“எந்த மாசமா இருந்தா என்னங்க?” இதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. பனியன் கம்பெனிகள் போனஸ் கொடுத்துக் கதவடைப்பது தீபாவளிக்கு. ஊர் மொத்தமும் ஓய்வாக இருக்கும் அந்த வாரம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விழும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயமும் அதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். கொச்சியில் ஏறலாம் என்று ஜூன் முதல் செப்டம்பருக்குள் தேதி குறித்தாலோ, தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். புயல் காலத்தில் எடுத்த நடு அறையைவிட பிப்ரவரியில் எடுத்த முனை அறை மேல்.

டூருக்குத் தேதி குறிப்பவர்கள் முதலில் மாதத்தைப் பாருங்கள். பிறகு கப்பலின் நடுப்பகுதி, அதன் பிறகு தளம், கையோடு மாத்திரை. இதற்கெல்லாம் கூடுதலாகப் பெரிய செலவு ஆகாது. எல்லாம் முடிந்தும் காசு மிஞ்சினால் பால்கனி எடுங்கள், கடலை ரசிக்க அருமையான இடம். வயிற்றைக் காப்பாற்றும் என்று மட்டும் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.