முட்டும் மாடும் தானாகச் சுடும் துப்பாக்கியும்



2025 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள எஃப்.இ. வாரன் விமானப்படைத் தளத்தில், காவல் பணியில் இருந்த வீரர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். அவரது துப்பாக்கி யாரும் விசையைத் தொடாமல் தானாகவே வெடித்துவிட்டது என்று முதலில் செய்தி பரவியது. எம் 18 என்னும் அந்தக் கைத்துப்பாக்கியின் பயன்பாட்டை விமானப்படையின் தாக்குதல் தலைமையகம் உடனே நிறுத்திவைத்தது. சில வாரங்களில் செய்தி மாறியது. வேறொரு வீரர் கைது செய்யப்பட்டார். பொய்யான வாக்குமூலம், கவனக்குறைவால் உயிர்ப்பலி ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. துப்பாக்கிகள் சோதிக்கப்பட்டு மீண்டும் பணிக்கு வந்தன.

"இதற்கும் திருவல்லிக்கேணிக்கும் என்ன தொடர்பு, சாமி?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் பங்கில் டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் மகனையோ மகளையோ வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் விளையாடப் போகும் பக்கத்து வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பது இங்குள்ள பாட்டிக்கும் கவலைதான். மேன்ஷன்களில் தங்கி, வங்கி வாசலிலும் பணம் ஏற்றும் வேனிலும் தோளில் துப்பாக்கியோடு நிற்கும் முன்னாள் படைவீரர்களும் நம் தெருக்களில் உண்டு.

வயோமிங் சம்பவத்தில் துப்பாக்கி குற்றமற்றது என்றே முடிவானது. ஆனாலும் அது தானாகச் சுட்டிருக்கும் என்பதைப் படையே எப்படி முதல் நாளில் நம்பியது? அந்தத் துப்பாக்கியின் பெயர் அதற்கு முன்பே கெட்டிருந்தது என்பதுதான் காரணம். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எம் 18 என்பது சிக் சாவர் என்னும் நிறுவனம் தயாரிக்கும் பி 320 பிஸ்டலின் படைத்துறை வடிவம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு 58 கோடி டாலர் வரை. அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்களிடம் விற்கப்பட்ட பி 320-இல் ஒரு குறை வெளிவந்தது. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பின்புறம் தரையில் மோதும்படி விழுந்தால் அது சுட்டுவிடுகிறது. காரணம் எளிமையானது. விசையின் உலோகம் கனமாக இருந்தது. துப்பாக்கி தரையில் மோதி நின்றாலும் விசை நிற்காமல் பின்னோக்கி நகர்ந்தது. ஓடும் பேருந்தில் சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே விதிதான்! விரல் இல்லாமலேயே விசை அழுத்தப்பட்டதுபோல் ஆயிற்று. ராணுவத்திற்கான சோதனையிலும் இக்குறை கண்டறியப்பட்டு, இலகுவான விசை பொருத்தித் திருத்தப்பட்டது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

நிறுவனம் என்ன செய்தது? எங்கள் துப்பாக்கி அமெரிக்காவின் எல்லாப் பாதுகாப்பு அளவுகோல்களுக்கும் உட்பட்டதே என்றது. அதே மூச்சில், விருப்பமுள்ளோர் துப்பாக்கியை நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பினால் இலவசமாக மேம்படுத்தித் தருவதாகவும் அறிவித்தது. இதற்கு அது வைத்த பெயர் 'விருப்ப மேம்பாடு'. 'திரும்பப் பெறுதல்' என்ற சொல்லைத் தவிர்த்தது. சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. திரும்பப் பெறுகிறோம் என்றால் ஆபத்து இருக்கிறது, உடனே கொண்டுவா என்று பொருள். மேம்பாடு என்றால் நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம் என்று வாங்கியவர் நினைப்பார். இரண்டாம் கையாக வாங்கியவருக்கோ செய்தி போய்ச் சேருவதே அரிது.

அதன் பிறகும் புகார்கள் ஓயவில்லை. உறையில் இருக்கும்போதே, விசையைத் தொடாமலே சுட்டுத் தொடையிலும் காலிலும் காயம்பட்டதாகக் காவலர்களும் பொதுமக்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024 ஜூனில் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 23.5 லட்சம் டாலரும், அவ்வாண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் மற்றொரு ஜூரி 1.1 கோடி டாலரும் காயம்பட்டவர்களுக்கு வழங்கச் சொன்னார்கள். நிறுவனம் இன்றுவரை மறுக்கிறது. விசையை இழுக்காமல் எங்கள் துப்பாக்கி சுடாது, கையாண்டவர்களின் கவனக்குறைவே காரணம் என்கிறது. சில வழக்குகளில் அதன் பக்கமும் தீர்ப்பு வந்துள்ளது. இதை மறைக்காமல் சொல்வது நியாயம். வயோமிங் சம்பவமும் நமக்கு அவசரத் தீர்ப்பு கூடாது என்றே காட்டுகிறது. ஆனால் 2025 மே மாதத்தில், அந்த நிறுவனம் இயங்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே ஒரு சட்டம் இயற்றியது. வெளிப்புறப் பாதுகாப்புப் பூட்டு போன்ற சில அமைப்புகள் துப்பாக்கியில் இல்லை என்பதைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம். துப்பாக்கி சரியானதுதான் என்ற உறுதி இருந்தால் இந்தக் கேடயம் எதற்கு?

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனத்தின் ஒன்பது வகைப் பிஸ்டல்கள் கீழே விழுந்தால் சுடுகின்றன என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது. குற்றச்சாட்டை நிறுவனம் ஏற்கவில்லை. ஆயினும் துப்பாக்கியைத் திருப்பித் தந்தால் பணம், வைத்துக்கொண்டால் கூடுதல் வாரண்டி என்று ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய பத்து லட்சம் துப்பாக்கிகள் பற்றிய வழக்கு அது.

இங்கே வாரண்டி என்ற சொல்லையே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிக்ஸி ரிப்பேர் ஆனால் ரசீதையும் கார்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அலைகிறோம். இரண்டு வாரம் சட்னிக்கு அம்மியைத் தேடுகிறோம். நஷ்டம் நமக்கு மட்டும். துப்பாக்கி அப்படியா? வாரண்டி கார்டு வாங்கியவருடைய பெயரில்தான் இருக்கிறது. குண்டு போய்ச் சேரும் பக்கத்து வீட்டுக்காரரிடம், பேருந்தில் அருகே அமர்ந்திருப்பவரிடம், தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் எந்தக் கார்டும் இல்லை. அவர்கள் எதையும் வாங்கவில்லை. எந்த நிபந்தனையிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே இதை வாடிக்கையாளர் சேவை என்ற கணக்கில் மட்டும் வைக்க முடியாது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. பொம்மை, தொட்டில், ஹீட்டர் எதுவானாலும் குறையிருந்தால் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் அதன் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெற ஆணையிடலாம். நிஜத் துப்பாக்கியைத் தொட முடியாது!

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொருளைத் திரும்பப் பெற ஆணையிடலாம். 2022-இல் அமேசான் தளத்தில் தர முத்திரை இல்லாமல் விற்கப்பட்ட 2,265 பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி அந்த ஆணையம் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். சட்டத்தில் பொருள் என்பதற்கான விளக்கம் எல்லா அசையும் பொருளையும் உள்ளடக்குகிறது. துப்பாக்கிக்கென்று தனிச் சலுகை இல்லை. இந்த அளவில் நம் சட்டமே மேல்.

ஆனால் நடைமுறை வேறு. இங்கே உரிமம் பெற்றவர் வாங்கும் ரிவால்வர் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. ஏனெனில் 1980-களிலிருந்து தனியார் துப்பாக்கியை இறக்குமதி செய்வது பெரிதும் அடைபட்டுவிட்டது. 2021 அக்டோபரில் அரசுத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, 1966 முதல் இயங்கும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின்கீழ் வந்தது. தனியார் தயாரிப்புக்கும் வழி திறந்துள்ளது. வியாபாரம் வளர்ந்தால் விளம்பரமும் வளரும். 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டார்கள். எடை அரை கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். 2012 டெல்லிக் கொடுமையில் இறந்த இளம்பெண்ணை நினைவூட்டும் பெயர். பேருந்தில் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும்? வாங்கினாலும், வீட்டில் துப்பாக்கி இருப்பது கொலை ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1993-இலேயே அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அந்தப் பெயரை வியாபாரத்துக்கு எடுத்திருக்க வேண்டாம் என்பதே நம் எண்ணம்.

பழுது பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை விற்பதற்கு மட்டுமல்ல, தொழிலாகப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் உரிமம் வேண்டும். இது சரியான சட்டமே. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் மூலைக் கடையில் கொடுக்க முடியாது என்பதால் பலர் அப்படியே வைத்துவிடுகிறார்கள். பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் நேராகத் தோட்டாவின்மீதே தங்கியிருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடிக்கக்கூடும். வங்கிக் காவலரின் துப்பாக்கி தவறி விழுந்து வெடித்தது, துடைக்கும்போது வெடித்தது என்ற செய்திகளை நாளிதழின் உள்பக்கத்தில் படித்துவிட்டு மறக்கிறோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற வேண்டும் என்றும், துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதையும் குற்றமாக்கியது.

நம் ஊருக்கு இது புதிய கதையல்ல. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை என்பதால் வேகம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்னும் அருகே, 2011 ஜூலை 3 ஞாயிற்றுக்கிழமை, தீவுத்திடலை ஒட்டிய ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் காய் பறிக்கப் போன 13 வயதுச் சிறுவன், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் ரைபிள் குண்டுக்கு இரையானான். நம் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போய்விடும் தூரம் அது. விசாரணை நீதிமன்றம் 2012-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் சுடும் பயிற்சியின்போது விலகிவந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். மூன்றிலும் துப்பாக்கியில் பழுதில்லை என்பதையும் கவனியுங்கள். எந்த வாரண்டியும் இவற்றைத் தடுத்திருக்காது.

விவிலியம் இதற்கு என்ன சொல்கிறது? துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமில்லை. மாட்டைப் பற்றி உண்டு. விடுதலைப் பயண நூல் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டுக்குத் தண்டனை, உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் பழக்கமுடையதாயிருந்து, அதைப்பற்றி எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் பழி அவர்மேலும் விழும். நீதியின் நுட்பத்தைப் பாருங்கள். முதல் விபத்து வேறு, எச்சரிக்கைக்குப் பின் வரும் விபத்து வேறு. அறிவு வந்த நாளிலிருந்து பொறுப்பு தொடங்குகிறது. எனவே ஒரு தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி "உன் துப்பாக்கியில் குறை இருந்ததா?" என்பது மட்டுமல்ல. "எப்போது தெரிந்தது, தெரிந்த மறுநாள் என்ன செய்தாய்?" என்பதும்தான். இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பட்டும், யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறது. விழுகிறவன் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் 2269-ஆம் எண்ணில், தகுந்த காரணமின்றிப் பிறரை உயிராபத்துக்கு உள்ளாக்குவதை ஐந்தாம் கட்டளையின்கீழ்தான் வைக்கிறது. ஆயுத உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துவது அரசுகளின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது 2316-ஆம் எண். 2025 ஆகஸ்டில் மினியாப்பொலிஸ் நகரின் மங்கள வார்த்தை ஆலயத்தில் பள்ளித் திருப்பலியின்போது இரு குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்டபின், திருத்தந்தை 14-ஆம் லியோ சிறிய பெரிய ஆயுதங்களின் பரவலை ஒரு கொள்ளைநோயோடு ஒப்பிட்டார்.

இனி நம் பங்கில் உடனே செய்யக்கூடியவை. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்போர், பேரக்குழந்தை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேட்கும்படி சொல்லுங்கள். உணவு ஒவ்வாமையைப் பற்றிக் கேட்பதுபோலத்தான், இதில் வெட்கமில்லை. காவல் பணியில் இருப்போர், பழுதான ஆயுதத்தைத் தந்தால் எழுத்து மூலம் தெரிவியுங்கள், வாய்ச்சொல்லுக்குப் பதிவில்லை. இன்னொன்றும் உண்டு. ஷிகார் காலத்துத் தாத்தாவின் துப்பாக்கி, ராணுவத்தில் இருந்த அப்பாவின் ரிவால்வர் எனச் சில வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றி இன்னும் இருக்கலாம். உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. வைத்திருப்பது சட்டப்படி குற்றம். தோட்டா உள்ளே இருக்கிறதா என்பதும் யாருக்கும் தெரியாது. அதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம், ஆட்டோவில் எடுத்துக்கொண்டும் போக வேண்டாம். பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் முதலில் தகவல் கொடுங்கள். அவர்கள் சொல்லும் முறைப்படி அங்கேயோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனியே போகத் தயங்குபவர்கள் மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் சொன்னால், உடன் வருவதற்கு ஆள் ஏற்பாடு செய்கிறோம்.