பெட்டியை மரத்தில் மாட்டாதீர்கள்

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். 2010 முதல் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி மரப்பெட்டி வாங்கி மாமரத்தில் தொங்கவிட்டவர்கள் புதுச்சேரியின் வில்லியனூர்ப் பக்கமும் இருப்பார்கள். மாதக்கணக்கில் எதுவும் குடிவரவில்லை என்றால், பெட்டி எங்கே தொங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தோட்டங்களில் 'ரென்' என்ற சிறு பறவைக்காகப் பெட்டி வைப்பது பழைய பழக்கம். அந்தப் பெட்டிகளின் படங்களைப் பார்த்துத்தான் நாமும் மரத்தைத் தேடுகிறோமோ என்னவோ. அந்தப் பறவை நம் சமவெளியில் கிடையாது. இங்கே தோட்டத்துக்கு வரும் சின்னப் பறவைகள் பலவற்றுக்குப் பெட்டியே தேவையில்லை. தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு கிளை நுனியில் பைபோலக் கூடு தொங்கவிடும். தூக்கணாங்குருவிக்குப் பனை மட்டையும் ஈச்ச மரமும் போதும். பொந்து தேடுபவை சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான் போன்றவைதான்.

அதிலும் சிட்டுக்குருவி வீட்டுப் பறவை. ஓட்டு வீட்டுக் கைமரச் சந்திலும், சுவர்ப் பொந்திலும், மாட்டியிருந்த படத்துக்குப் பின்னாலும் கூடு வைத்துப் பழகியது. தளம் போட்ட வீட்டில் அந்தச் சந்துகள் இல்லை. பெட்டி அதற்குத்தான் மாற்று. எனவே சன்ஷேடுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, எட்டுப் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத பக்கம் மாட்டுங்கள். வாசல் 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். பெரிதாக்கினால் மைனா புகுந்துவிடும். வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைப்பது நம் கண்ணுக்குத்தான் அழகு. குருவிக்கு அது வேண்டாம், காக்கைக்கு வசதி. தகரப் பெட்டி நம் வெயிலில் அடுப்பாகிவிடும். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது என்பதால் இரண்டு மூன்று பெட்டிகளை அருகருகே வைக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வராமல் போகலாம். காரணம் தீனி. பெரிய குருவிக்கு நெல்லும் கம்பும் போதும். வில்லியனூரைச் சுற்றி வயல் இருக்கிறது. குஞ்சுக்கோ முதல் நாட்களில் புழு பூச்சிதான் உணவு. கத்தரிச் செடிக்கு வாராவாரம் மருந்தடித்துவிட்டுப் பெட்டியும் மாட்டினால், வீடு கொடுத்துச் சோற்றைப் பறித்த கதைதான். வேலியோரம் கொஞ்சம் புதரும் புழுதி மண்ணும் விட்டுவைப்பது பெட்டியைவிடப் பெரிய உதவி.

குருவி இனமே அழிகிறது என்ற பதற்றமும் வேண்டாம். இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020 அறிக்கை, நாடு முழுவதும் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொல்கிறது. கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் ஏற்கெனவே கூடு இருந்தால், குஞ்சு பறக்கும் வரை விடுங்கள். முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு அந்தச் சந்தை அடைத்து, பக்கத்திலேயே பெட்டியை மாட்டுங்கள்.