நாவை இயக்கும் நரம்பு

சென்ற மாதம் என் மகன், "வாளைப்பளம் வேணும்" என்றான். ஊரிலிருந்து வந்திருந்த தமக்கையார், "பையனுக்கு நாக்கிலே கோளாறு, வைத்தியரிடம் காட்டு" என்று கலங்கினார். காட்டினேன். வைத்தியர் நாவை நீட்டச் சொன்னார், நேராக நீண்டது. "நரம்பு நலமே" என்று சிரித்தார்.

மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் 12 இணைகள். பன்னிரண்டாவதே நாவடி நரம்பு. அது முகுளத்தில் தோன்றி, கழுத்தில் வளைந்து நாவை அடைகிறது. சுவையறிதல் அதன் வேலையன்று. நாவை நீட்டுவதும் மடக்குவதும் சுழற்றுவதுமே. ஒருபக்க நரம்பு பழுதுற்றால், மறுபக்கம் தள்ளுவதால் நீட்டிய நா பழுதுற்ற பக்கமே சாயும். திடீரென நா சாய்ந்து பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ழகரத்திற்கு நாநுனி எழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிறது தொல்காப்பியம். நாக்பூரில் நம் குழந்தைகள் கேட்கும் மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. நரம்பு இருந்தும் பழக்கம் இல்லை. அதை நம் வீடன்றி யார் தருவார்?

இப்போது அலுவலகம் விட்டு வந்ததும் அவனுடன் அரைமணி நேரம் உரக்கப் படிக்கிறேன். படிக்கையில்தான் தெரிந்தது, அன்பர்களே: என் ழகரமும் தேய்ந்திருந்தது!