கொர்சிஞானோவின் திருமுழுக்குத் தொட்டி

இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில், ஓர்ச்சா பள்ளத்தாக்கை நோக்கிய குன்றின்மேல் நிற்கிறது பியென்சா என்னும் சிற்றூர். அதன் நகரமைப்பைப் பாராட்டி 1996-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. திருத்தந்தை ஒருவர் தாம் பிறந்த மண்ணுக்குச் செலுத்திய நன்றிக்கடன் என்று அதனைப் போற்றுவோர் பலர். நாம் அதனை ஏற்பதற்கில்லை.

அவ்வூரின் பழைய பெயர் கொர்சிஞானோ. 1405-இல் அங்கே பிறந்த எனேயா சில்வியோ பிக்கொலோமினி, 1458-இல் இரண்டாம் பயஸ் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். மறு ஆண்டே பெர்னார்தோ ரொசெல்லினோ என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, பேராலயத்தையும் தம் குடும்ப மாளிகையையும் அங்கே எழுப்பத் தொடங்கினார். 1462-இல் ஊரின் பெயரும் மாறியது. பயஸ் என்பது இத்தாலியத்தில் பியோ. பியோவின் ஊர் பியென்சா. நன்றிக்கடன் செலுத்தும் மகன் தாயின் பெயரையா அழிப்பான்?

ஆயர் பீடம் கிடைத்ததே என்பர். கிடைத்தது. ஆனால் ஆயர் இல்லத்தைப் புதுப்பித்துக் கட்டியவர் கர்தினால் ரொட்ரிகோ போர்ஜியா; பின்னாளில் ஆறாம் அலெக்சாண்டராகத் திருச்சபைக்குத் தலைகுனிவு தேடித் தந்த அவரேதான்.

செலவுக் கதை இன்னும் சுவையானது. (ஆலயம் கட்டி அனுபவப்பட்ட நம் உடன் குருக்கள் பொறுத்தருள்வார்களாக.) 18,000 பொற்காசு என மதிப்பிட்ட ரொசெல்லினோ 50,000-க்கு மேல் செலவிட்டார். திருத்தந்தை கடிந்தாரா? இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இத்துணைச் செலவுக்குத் தாம் இசைந்திருக்கமாட்டோம் என்று மகிழ்ந்து, 100 பொற்காசும் செந்நிற ஆடையும் பரிசளித்தார். இதனைத் தம் நினைவுக்குறிப்புகளில் அவரே பெருமையோடு எழுதியும் வைத்தார்!

பேராலயத்தின் அகன்ற சாளரங்கள் வழியே பாயும் ஒளி அழகுதான், மறுக்கமாட்டோம். ஆயினும் அதன் முகப்பின் உச்சியில் துலங்குவது பிக்கொலோமினி குடும்பத்தின் பிறைகள் பொறித்த கேடயம். உள்ளே சுவர்களில் ஓவியம் தீட்டவும், புதிய பீடங்கள் எழுப்பவும் 1462-இல் தடை விதித்தார் திருத்தந்தை, மீறுவோர்க்குச் சாபம். ஆணைக்கு மனிதர் பணிந்தனர், மண் பணியவில்லை. சரிவின் விளிம்பில் கட்டப்பட்ட ஆலயத்தின் பின்பகுதி அமிழ்ந்து வெடிப்புற்றது. அவரும் 1464-இல், சிலுவைப்போருக்குப் புறப்படக் காத்திருந்த வேளையில், அங்கோனாவில் இறந்தார்.

ஊருக்குக் கீழே, வயல்வெளியை ஒட்டி, வட்டமான மணிக்கோபுரத்துடன் பழங்காலக் கல் ஆலயம் ஒன்று உண்டு. எனேயா சில்வியோ திருமுழுக்குப் பெற்ற தொட்டி அங்கேதான் இருக்கிறது. ஊர் இழந்த பெயரை அந்த ஆலயம் விட்டுவிடவில்லை. கொர்சிஞானோ பங்காலயம் என்றே இன்றும் வழங்குகிறது. பியென்சா செல்வோர் முதலில் அங்கே இறங்கிச் செல்லட்டும். சதுக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.