தனிமைக்குத் தோரணம் கட்டுவோர்

தனிமையே படைப்பாளியின் செல்வம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். யாருடைய தனிமை? கதவைத் தாமே சாத்திக்கொண்டவரின் தனிமையும், கதவைத் தட்ட ஆளில்லாதவரின் தனிமையும் ஒன்றாகுமா? முன்னது ஏகாந்தம், பின்னது தண்டனை. இரண்டையும் ஒரே சொல்லால் போர்த்துவது கொடுமை.

2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் இதற்கென அமைச்சரையே நியமித்தன. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. நாமோ இன்னும் அழகியல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் மரபு இத்தனை கல்நெஞ்சுடையதன்று. குறளில் ‘தனிப்படர் மிகுதி’ என ஓர் அதிகாரமே உண்டு. படர் என்றால் துன்பம். அகப்பாடலின் தலைவிக்கோ, துயரைக் கேட்கத் தோழி இருந்தாள். தோழியின் கூற்றுக்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்தது.

எங்கள் ஊர்க் கூட்டமொன்றில் தனிமை குறித்து இரண்டு மணி நேரம் விவாதித்தோம். மாதந்தவறாமல் வரும் முதியவர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் நாங்கள் தேநீர்க் கடைக்குக் கிளம்பினோம். அவர் பெயரைக்கூட எங்களில் எவரும் கேட்டதில்லை.

அமைச்சர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் அமர்வோம். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.